செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு அடித்தளம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஃபில்டரையும் லைட்டையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அடித்தளத்தை, அதாவது தொட்டியின் அடியில் பரப்பும் கிராவல் (பொடிக்கல்), மணல் போன்றவற்றை மாற்ற வேண்டுமென்றால் செடி, மீன், தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் அவசரமே வேண்டாம்.

படி 1: எந்தச் செடி என்று முடிவு செய்யுங்கள்

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் போன்றவை கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வளர்பவை. இவற்றுக்குச் சத்தான மண் தேவையே இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் இலைகள் கிளம்பும் தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்.

கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட் இரண்டும் வேர் வழியாக நிறைய சத்து எடுப்பவை. தரையில் கம்பளம்போலப் படரும் மான்டி கார்லோவுக்கு மெல்லிய வேர் நுழையக்கூடிய சிறு குருணை அவசியம்.

படி 2: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தொட்டிக்கு 2 முதல் 3 மி.மீ. கிராவலும் ரூட் டேப்பும் (வேருக்கு அருகே புதைக்கும் உர மாத்திரை) போதும் என்பதே எங்கள் கருத்து. மலிவு, பல வருடம் உழைக்கும், சுண்ணாம்பு கலக்காததாக இருந்தால் தண்ணீரின் தன்மையையும் மாற்றாது. ரூட் டேப்பை வேர் அதிகமுள்ள செடிகளுக்கு அருகே, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஆழமாக அழுத்தி வைக்க வேண்டும். சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை புதிது வையுங்கள். மேலோட்டமாக வைத்தால் சத்து தண்ணீரில் கசிந்து பாசிக்குத்தான் போகும்.

அக்வா சாயில் என்பது களிமண்ணைச் சுட்டுச் செய்த குருணை. செடிகள் இதில் வளர்வதுபோல வேறெதிலும் வளராது. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு), கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) இரண்டையும் இறக்கும் என்பதால் மென்னீர் கேட்கும் கேரிடினா இறால்களுக்கும் பொருத்தம். ஆனால் பல பிராண்டுகள் முதல் சில வாரம் அம்மோனியாவை வெளியிடும். அந்தச் சமயம் மீன் விட்டால் செத்துவிடும். கேஎச் அதிகமுள்ள தண்ணீரைத் தொடர்ந்து மாற்றி ஊற்றினால், பிஎச்சை இறக்கும் திறனும் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

நைசான மணல் அழகுதான், கோரிடோரஸ் மீன்களின் மீசைக்கும் பாதுகாப்பு. அதைத் தடிமனாகப் போட்டால் இறுகி, அடியில் ஆக்ஸிஜன் போகாமல் கறுத்து அழுகிய முட்டை வாடை அடிக்கும். செடியில்லாத வெறும் மணல் பகுதியை 2 முதல் 3 செ.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள்.

படி 3: வினிகர் சோதனை

கிராவல், மணல் எதுவானாலும் ஒரு ஸ்பூன் எடுத்து உலரவைத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்பினால் சுண்ணாம்போ கிளிஞ்சலோ கலந்திருக்கிறது. அது தண்ணீரைக் கடினமாக்கி பிஎச்சை ஏற்றும். வினிகர் வீரியம் குறைந்தது, லேசான கலப்பை அது காட்டாமல் விடலாம். ஒரு கைப்பிடியை உங்கள் தண்ணீரிலேயே ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் கேஎச் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

படி 4: எவ்வளவு வேண்டும்?

நீளம் × அகலம் × சராசரி உயரம், எல்லாம் செ.மீ.யில், பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 தொட்டியில் 6 செ.மீ. போட 10.8 லிட்டர் ஆகும். கிராவலாக இருந்தால் ஏறக்குறைய 17 கிலோ. முன்பக்கம் 4, பின்பக்கம் 8 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் தொட்டி ஆழமாகத் தெரியும், பெரிய செடிகளுக்கும் வேர் பிடிக்க இடம் கிடைக்கும்.

படி 5: போடும் முறை

கிராவலையும் மணலையும் வாளியில் கொட்டிக் கிளறி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அக்வா சாயிலை அலசக் கூடாது. குருணை உடைந்து சேறாகும். கிராவலுக்கு மேலே நைஸ் மணலைத் தூவாதீர்கள், சில மாதத்தில் மணல் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, கிராவல் மேலே வந்து நிற்கும்.

தண்ணீரை நேராக ஊற்றினால் குழி விழும், கலங்கிப்போகும். ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்லிய தாரையாக விடுங்கள். தண்ணீர் தட்டின் விளிம்பில் வழிந்து நாலா பக்கமும் பரவும். பாதி நிரம்பியதும் செடி நடுவது சுலபம்.

அக்வா சாயில் போட்டவர்கள் முதல் வாரம் தினமும், அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை தண்ணீர் மாற்றுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, அதிலிருந்து உருவாகும் நைட்ரைட் என்ற நச்சு இரண்டும் பூஜ்ஜியம் காட்டி, சில நாள் அப்படியே நின்ற பிறகு மீன் விடலாம்.