அமெரிக்க விடுதலைப் போரை உருப்போடாமல் படிப்பது எப்படி?

சட்டங்களின் பெயரையும் ஆண்டையும் மட்டும் உருப்போட்டால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும். அதனால் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள், இடப்பக்கம் லண்டன் செய்தது, வலப்பக்கம் அமெரிக்கக் குடியேற்றங்கள் (அங்கே பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 13 பகுதிகள்) செய்தது.

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையில் ஆரம்பிக்க வேண்டாம், 1763-ல் ஆரம்பியுங்கள். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்துவிட்டது, ஆனால் கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. அந்தப் பணத்தைத் தேடித்தான் பார்லிமெண்ட் அட்லாண்டிக்கின் மறுகரையைப் பார்த்தது. 1764-ல் மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைப் பாகு) வரியை கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைக்கக்கூடச் செய்தார்கள், ஆனால் அதுவரை பெரும்பாலும் கடத்தலில் தப்பித்துக்கொண்டிருந்த வரியை இனி கறாராக வசூலிப்போம் என்றார்கள். 1765-ல் முத்திரைச் சட்டம்: பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி. வக்கீல், அச்சுக்கூடக்காரர், வியாபாரி என்று ஊரில் சத்தமாகப் பேசக்கூடிய எல்லோரையும் ஒரே நேரத்தில் சீண்டிய சட்டம் இது. எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போடக்கூடாது என்ற குரல் இங்கேதான் வலுத்தது.

இனி ஒவ்வொரு முறை லண்டன் பின்வாங்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதை விட்டார்கள், எதை விடவில்லை? என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. 1766-ல் முத்திரை வரியை ரத்து செய்தார்கள், ஆனால் எந்த விஷயத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று கூடவே இன்னொரு சட்டம் போட்டார்கள். 1767-ல் கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலைக்கு வரி. பிரிட்டிஷ் சரக்குகள் புறக்கணிப்பு, பாஸ்டனில் பிரிட்டிஷ் ராணுவம், 1770 மார்ச் 5-ல் துப்பாக்கிச்சூடு, 5 பேர் சாவு. அப்புறம் மற்ற வரிகளை எடுத்துவிட்டு தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

1773-ஐ நிதானமாகப் படியுங்கள். சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி நொடித்துப்போகும் நிலையில் இருந்ததால், அதன் தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்க வழிசெய்தார்கள். விலை குறைந்தது. குறைந்தும், டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குப் போயின, ஏனென்றால் அதை வாங்கிக் குடித்தால் பார்லிமெண்டின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் (உள்ளூர் வியாபாரிகளுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போகிற கோபமும் இருந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்).

1774-க்குக் கீழே தடித்த கோடு போடுங்கள். இதற்குத் தண்டனையாக லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சுயாட்சியைச் சுருக்கியபோது, இன்று அவர்களுக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கும் என்று மற்றவர்களும் பயந்தார்கள். 13 குடியேற்றங்களில் ஜார்ஜியா தவிர 12 பிலடெல்பியாவில் கூடின.

சரி, 1775 ஏப்ரல் 19-ல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் சண்டை தொடங்கியதுமே விடுதலை கேட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஜூலையில்கூட பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் அதை ஏற்காமல் ஆகஸ்டில் இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்த பிறகுதான் மன்னர் மேல் இருந்த நம்பிக்கையும் தளர்ந்தது, 1776 ஜூலை 4-ன் விடுதலைப் பிரகடனத்தில் குற்றச்சாட்டுப் பட்டியல் மன்னரை நோக்கியே இருப்பதைப் பாருங்கள்.

அதன்பின் வரி பின்னால் போய்விடுகிறது, மூன்று குறிப்பு போதும்: 1778-ல் பிரான்ஸ் கூட்டணி, 1781 யார்க்டவுன் (பிரிட்டிஷ் படை சரணடைந்த இடம்), 1783 பாரிஸ் உடன்படிக்கை (பிரிட்டன் விடுதலையை ஏற்றுக்கொண்டது).