உங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தவர்கள் யாரென்று பார்ப்பது எப்படி?

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ கடை நடத்தி, அதற்கென ஓர் இணையதளமும் வைத்திருக்கும் பெங்களூருத் தமிழர்கள், தங்கள் தளத்துக்கு எவரெவர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கட்டணமின்றியே அறியலாம்.

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, டிஎன்எஸ் பதிவு (தளப்பெயரின் அமைப்புகளில் நீங்கள் சேர்க்கும் ஒரு வரி) வழியாக உரிமையை உறுதிசெய்யுங்கள். பிறகு ‘இணைப்புகள்’ பகுதியைத் திறந்தால், அதிக இணைப்பு பெற்ற பக்கங்கள், இணைப்புக் கொடுத்த தளங்கள், இணைப்பில் உள்ள சொற்கள் ஆகியவை தனித்தனி அட்டவணைகளாகத் தெரியும்.

இங்கேதான் கவனம் தேவை. ஓர் அட்டவணையில் அதிகபட்சம் 1,000 வரிகளே காட்டப்படும்; அது முழுக் கணக்கன்று, கூகுள் அறிந்தவற்றின் மாதிரி மட்டுமே. நோஃபாலோ குறியிட்ட, அதாவது தரவரிசைக்குக் கணக்கில் கொள்ள வேண்டாமென்று தேடுபொறிக்குச் சொல்லும் இணைப்புகளும் அதில் இடம்பெறுவதால், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தேடல் தரவரிசைக்கு உதவுகிறது என்று கொள்ள முடியாது. எண்ணிக்கை குறைந்ததென்று அஞ்சி, இணைப்பு விற்பவர்களிடம் தயவுசெய்து பணம் கொடுத்துவிடாதீர்கள். தரவரிசைக்காக இணைப்பு வாங்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது.

ஏற்றுமதிப் பொத்தானில் ‘அண்மை இணைப்புகள்’ கோப்பை இறக்கினால், கூகுள் அவற்றைக் கடைசியாகப் பார்த்த தேதியும் கிடைக்கும். பிங் தேடுபொறியின் இதேபோன்ற கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸின் பட்டியலையும் உடன்வைத்து ஒப்பிடுங்கள். நீங்கள் நீக்கிவிட்ட பழைய பக்கத்துக்கு எவரேனும் இணைப்புக் கொடுத்திருந்தால், அந்த முகவரியைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.