லயத்துக்குப் பின்னால ஒரு லூப்: மலைநாட்டுல இருந்து தாழ் அலைகளைப் பிடிக்கிறது எப்படி

மொதல்ல மெயின் சுவிட்ச அணைங்க. அன்டெனா, ரேடியோ எல்லாம் அதுக்கப்புறம்தான். ரேடியோவுல 500 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் அதுக்குக் கீழயும், அதாவது தாழ் அலைகள்ல, என்ன இருக்குன்னு கேக்க ஆசைப்பட்டு வர்ற ஆட்கள்கிட்ட நான் சொல்ற முதல் பேச்சு இதுதான்.

2022 மார்ச் கடைசியில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம கிடந்துச்சே, ஞாபகம் இருக்குமே. அப்ப ஒரு ராத்திரி மஸ்கெலியா பக்கம் எங்க லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) ஒக்காந்து பழைய டிரான்சிஸ்டர சும்மா திருகிக்கிட்டு இருந்தேன். மத்திய அலையில 1053 கிலோஹெர்ட்ஸ்ல தூத்துக்குடி வானொலி வந்துச்சு. வந்துச்சுன்னா எப்பவும் வர்ற மாதிரி இல்ல, அறிவிப்பாளர் மூச்சு எடுக்குறது கேட்டுச்சு. அப்புறம் 936ல திருச்சி, 720ல சென்னை, அதுக்கும் கீழ முள்ளு போய் முட்டுற எடத்துல காத்து ஊதுற மாதிரி ஒரு அமைதி. கொஞ்ச நேரத்துல கரண்ட் வந்துச்சு, லயம் முழுக்க பல்ப் எரிஞ்சுச்சு, அந்த செக்கன்லயே எல்லாம் போச்சு, வெறும் கர்ர்ர்ர். அதே ரேடியோ, அதே எடம். அன்னைக்குத்தான் வெளங்குச்சு, நம்ம மலைக்கு சிக்னல் வராம இல்ல, நாமதான் அத இரைச்சல் போட்டு மூடி வச்சிருக்கோம்னு.

இன்னொரு விஷயமும் சொல்லணும். எஃப்எம் நம்ம பள்ளத்துக்குள்ள ஒழுங்கா வராதது எல்லாருக்கும் தெரியும், ஒரு மேடு குறுக்க வந்தா போதும், நின்னுரும். ஆனா 136 கிலோஹெர்ட்ஸ் அலைய எடுத்துக்கங்க, ஒரு அலையோட நீளம் மட்டும் 2200 மீட்டர். இந்த நாட்டுலயே ஒசரமான பிதுருதலாகல மலை 2524 மீட்டர். அலையே மலை அளவு இருக்குறதால மேட்டச் சுத்தி வளைஞ்சு எறங்கி வந்துரும். அதனால பள்ளத்து லயத்துல இருக்கோமேன்னு யாரும் கவலைப்பட வேணாம்.

சரி, அமெச்சூர் ஆட்களுக்கு, அதாவது பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறவங்களுக்கு, இங்க என்ன பேண்ட் இருக்கு? சர்வதேச அளவுல 135.7ல இருந்து 137.8 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் 2007ல குடுத்தாங்க, 472ல இருந்து 479 வரைக்கும் 2012ல குடுத்தாங்க. ரெண்டுலயும் அன்டெனாவுல இருந்து வெளிய போற சக்தி ஒரு வாட் கணக்குதான், 472ல மட்டும் சில எடங்கள்ல அஞ்சு வாட் வரைக்கும் விடுவாங்க. நம்ம நாட்டுல டிரான்ஸ்மிட் பண்ணணும்னா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோட பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுக்கணும், அப்பத்தான் 4எஸ்7னு தொடங்குற அழைப்புப் பேரு கிடைக்கும். கிடைச்சாலும் அந்த லைசன்ஸ்ல எந்த பேண்ட் எழுதியிருக்கோ அதுல மட்டும்தான் பேசலாம். நான் இங்க சொல்லப் போறது முழுக்க கேக்குற வேலை. தொடங்குறவங்களுக்கு இதுதான் சரி, ஒரு வருஷத்துக்கு தாராளமா வேலை இருக்கு.

இப்ப இரைச்சல் வேட்டை. சின்ன பாட்டரி ரேடியோவ 530 பக்கம் ஸ்டேஷன் இல்லாத எடத்துல வச்சு, சத்தத்த கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள மெதுவா நடங்க. எல்ஈடி பல்ப் கிட்ட போனா ஒரு சத்தம், ஃபோன் சார்ஜர் கிட்ட போனா வேற சத்தம், டிவி பெட்டியோட அடாப்டர் கிட்ட இன்னொண்ணு, கொஞ்ச நாள்ல காதே சொல்லிரும் எது எதுன்னு. எங்க வீட்டுல பெரிய குற்றவாளி ஒரு மலிவு சார்ஜர், ஃபோன் மாட்டாட்டியும் பிளக்குல இருந்தாலே கத்தும். லயத்துல என்ன கஷ்டம்னா ஒரே வரிசையா வயர் ஓடுது, நம்ம காம்பராவ (நம்ம வீட்ட) மட்டும் அணைச்சா பத்தாது. நான் நாலாவது காம்பரா அண்ணன்கிட்ட போய், "அண்ணே, ராத்திரி ஒம்பதுக்கு அப்புறம் அந்த பின்பக்க பல்ப கொஞ்சம் அணைச்சு வைப்பீங்களா, ஒரு டெஸ்ட் பண்றேன்"னு கேட்டேன். "என்னடா தம்பி பல்புக்கும் ரேடியோவுக்கும்"னு சிரிச்சாரு. ரேடியோவ கையில குடுத்து அவரையே பல்ப போட்டு அணைச்சுப் பாக்கச் சொன்னேன், ரெண்டு தடவ போட்டாரு, மூணாவது தடவ அவரே அணைச்சுட்டு ஒக்காந்து பாட்டு கேக்க ஆரம்பிச்சிட்டாரு. சண்டை போட்டு இது நடக்காது, காட்டித்தான் நடக்கும்.

எல்லாம் அணைச்ச பிறகும் வீட்டுக்குள்ள கேக்காதீங்க. நம்ம கூரை தகரம், அது வர்ற சிக்னலையும் தடுக்கும், உள்ள இருக்குற வயர் இரைச்சலையும் சேத்து வச்சுக்கும். லயத்துக்குப் பின்னால மரக்கறி போட்டிருக்குற துண்டு நெலத்துக்குப் போங்க. இருபது முப்பது அடி தள்ளிப் போனாலே பெரிய வித்தியாசம் தெரியும். லாப்டாப் கொண்டு போனா பாட்டரியில மட்டும் ஓட்டுங்க.

லூப்னா வயர சதுரமா சுத்தி செய்ற அன்டெனா, செய்றது ஒரு சாயந்தர வேலைதான். 85 சென்டிமீட்டர் ரீப்பர் கட்டை ரெண்ட குறுக்க சிலுவை மாதிரி அடிங்க, நுனியில அஞ்சு மில்லிமீட்டருக்கு ஒண்ணா வெட்டு போடுங்க, அந்த வெட்டுல வயர போட்டு 12 சுத்து சுத்துங்க, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் சதுரம் வரும். 30 மீட்டர் வயர் போதும், பிளாஸ்டிக் உறை போட்ட சாதா வயரே சரி. ரெண்டு நுனியையும் பழைய ரேடியோவுல ஸ்டேஷன் திருப்புற கேங் கண்டென்சர்ல ஈயம் வச்சு பத்த வையுங்க. கேங்ல ரெண்டு பகுதி இருக்கும், ஒண்ண மட்டும் போட்டா 550ல இருந்து மேல மத்திய அலை பூரா கிடைக்கும், ரெண்டையும் சேத்துக் கட்டினா 475 வரைக்கும் எறங்கும். ரேடியோவோட எந்த வயரும் இணைக்க வேணாம், லூப்புக்குப் பக்கத்துல ரேடியோவ வச்சு கேங்க மெதுவா திருப்புங்க. ஒரு எடத்துல சத்தம் திடீர்னு பொங்கி வரும். அதுதான் டியூன், அந்த எடம் ரொம்ப ஒடுக்கமா இருக்கும், அவசரப்பட்டு திருப்பினா தாண்டிப் போயிரும், ஒரு பெரிய குமிழ் மாட்டிக்கிட்டா வசதி.

அடுத்தது திருப்புறது. லூப்போட ஓரம் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் நல்லா கேக்கும், அகலப் பக்கம் பாக்குற திசை அடங்கிரும். தூத்துக்குடிக்கு ஓரத்த வடமேற்கா வைக்கணும். ஆனா எனக்கு அடங்குற திசைதான் முக்கியம், ஏன்னா ஸ்டோர் (தேயிலை ஃபேக்டரி) பக்கம் இருந்து ஏதாவது மோட்டார் இரைச்சல் வந்தா சிக்னல பாக்காம அந்த இரைச்சல் செத்துப் போற வரைக்கும் லூப்ப திருப்பணும். சிக்னல் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல, இரைச்சல் நிறைய கொறையும். இத கத்துக்கிட்டா பாதி வித்தை கையில.

நேரம், காலம் பத்தி. பகல்ல 60ல இருந்து 90 கிலோமீட்டர் ஒசரத்துல ஒரு அடுக்கு மத்திய அலைய உறிஞ்சிரும், பொழுது எறங்கினா அந்த அடுக்கு கலைஞ்சிரும், அதனால ராத்திரி எட்டுக்கு மேலதான் தூரத்து சிக்னல் வரும். வருஷத்துல பாத்தா சிவனொளிபாதமலை சீசன் தொடங்குற டிசம்பர் போயாவுல (முழுநிலா நாள்ல) இருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். மார்ச் ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் பின்னேர இடி மழை, எங்கயோ மின்னினாலும் இங்க படபடன்னு வெடிக்கும், அந்த மாசங்கள்ல லூப் செய்ற வேலைய வச்சுக்கங்க.

மத்திய அலை கை பழகினதும் 518க்கு எறங்குங்க. அது நேவ்டெக்ஸ், கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கை எழுத்தா அனுப்புறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) மோட் உள்ள, லாங் வேவ் பிடிக்கிற ரேடியோவோ, லாப்டாப்புல மாட்டுற எஸ்டிஆர் டாங்கிளோ (அந்த அலைய எட்டுறதா பாத்து) வேணும், லாப்டாப்புல எஃப்எல்டிஜி சாஃப்ட்வேர்ல நேவ்டெக்ஸ் மோட் இருக்கு. மலை உச்சியில பனிக்குள்ள ஒக்காந்துக்கிட்டு வங்காள விரிகுடாவுல காத்து எவ்வளவுன்னு எழுத்து எழுத்தா ஸ்கிரீன்ல வர்றத பாக்குறது எனக்கு இன்னும் அலுக்கல. 475ல, அதாவது மேல சொன்ன 472-479 அமெச்சூர் பேண்டுல, கேக்கப் போறவங்களுக்கு இது நல்ல அளவுகோலும் கூட: 518 சுத்தமா வரலன்னா 475ல ஒண்ணும் வராது, திரும்பப் போய் இரைச்சலத் தேடுங்க.

518 சரியா வந்துச்சுன்னா டபிள்யூஎஸ்பிஆர், வாயால விஸ்பர்னு சொல்லுவோம். 1993ல இயற்பியல் நோபல் வாங்கின ஜோ டெய்லர் 2008ல எழுதின முறை. காதுக்கு ஒண்ணுமே கேக்காத சிக்னல கூட கம்ப்யூட்டர் படிச்சிரும், ஏன்னா ஒரே சின்ன தகவல ரெண்டு நிமிஷம் இழுத்து அனுப்புறாங்க, அகலம் ஆறு ஹெர்ட்ஸ் அளவுதான். ரேடியோவ யூஎஸ்பி மோட்ல (மேல் பக்கப்பட்டை, கம்ப்யூட்டர் துளை இல்ல) போட்டு டயல 474.2ல வையுங்க, இத படிக்கிற டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் சாஃப்ட்வேர ஓட விடுங்க, லாப்டாப் மணிக்கூடு ஒரு செக்கனுக்கு மேல பிசகக் கூடாது, பிசகினா சிக்னல் வந்தாலும் படிக்காது. பல பேரு இங்கதான் ஒரு வாரம் வீணாக்குறாங்க. ஆஸ்திரேலியா, ஜப்பான், ஐரோப்பாவுல எல்லாம் இந்த பேண்டுல அனுப்புறவங்க இருக்காங்க. முதல் ராத்திரியே வரும்னு நம்பி ஒக்காராதீங்க, ஓட விட்டுட்டு தூங்குங்க, காலையில பெரட்டுக்கு (தோட்டத்துல வேலை பிரிச்சுக் குடுக்குற எடத்துக்கு) போறதுக்கு முன்ன பாருங்க.

ரேடியோவே வாங்க காசு இல்லாத, லாப்டாப் மட்டும் கையில இருக்குற பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்துல இந்திய கடற்படையோட கட்டபொம்மன் நிலையம் இருக்கு, 1990ல தொறந்தது, 18.2 கிலோஹெர்ட்ஸ்ல தண்ணிக்கு அடியில இருக்குற நீர்மூழ்கிகளுக்கு அனுப்புது. நம்ம மலையில இருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர்தான். 18.2ங்கிறது லாப்டாப்போட சவுண்ட் கார்டு எட்டுற எடம், செக்கனுக்கு 48000 தடவ அளக்குற கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பாக்கும். பக்கத்துக்கு ஒரு மீட்டர் சதுரமா 40 சுத்து எனாமல் கம்பி, மோட்டார் சுத்துற கடையில 160 மீட்டர் கேட்டு வாங்குங்க. ஒரு நுனியில ஒரு மைக்ரோஃபராட் கண்டென்சர் போட்டு ஷீல்டு வயர்ல மைக் துளைக்கு கொண்டு போங்க. மைக் செட்டிங்ல இரைச்சல் குறைக்கிற ஆப்ஷன் எல்லாத்தையும் எடுத்துருங்க, இல்லன்னா அது சிக்னலயே இரைச்சல்னு நெனச்சு வெட்டிரும். அலைகளைக் கோடா காட்டுற ஸ்பெக்ட்ரம் லேப் சாஃப்ட்வேர தொறந்தா 18.2ல ஒரு தடிச்ச கோடு நிக்கும், 19.8ல இன்னொண்ணு நின்னா அது ஆஸ்திரேலியாவோட நார்த் வெஸ்ட் கேப் நிலையம், கிட்டத்தட்ட 5000 கிலோமீட்டர். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்க முடியாது, தேவையும் இல்ல. அந்தக் கோட்டோட பலத்த நாள் முழுக்க வரைஞ்சு வையுங்க, பொழுது விடியிறதும் எறங்குறதும் கோட்டுல அப்படியே தெரியும், சூரியன்ல பெரிய வெடிப்பு நடந்தா பகல்ல திடீர்னு ஒரு குதி குதிக்கும். ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகளுக்கு இத விட நல்ல பௌதிகவியல் செய்முறை எனக்குத் தெரியல.

நீள வயர் இழுக்கப் போறவங்களுக்கு மூணு விஷயம் கண்டிப்பா சொல்லணும். கரண்ட் கம்பிக்கு மேலயோ பக்கத்துலயோ வயர வீசாதீங்க. இடி சத்தம் லேசா கேட்டாலே கழட்டி வெளிய போட்டுட்டு உள்ள வந்துருங்க. அப்புறம் சவுக்கு மரத்துல கயிறு எறியிறதுக்கு முன்ன பகல் வெளிச்சத்துல மரத்தச் சுத்தி வந்து குளவிக்கூடு இருக்கான்னு பாருங்க. கொழுந்து எடுக்குறப்ப குளவி கொட்டி நம்ம ஆட்கள் செத்துப் போயிருக்காங்க. நீங்க எறியிற கல்லுக்கு கூடு கலைஞ்சா கீழ மலையில நிக்கிற பொம்பளைங்க மேலதான் போய் விழும்.

கடைசியா, விடியக் காலையில பனி எறங்குறதுக்கு முன்ன கேங்க மட்டும் கழட்டி உள்ள கொண்டு போங்க. தகடுக்கு நடுவுல ஈரம் பிடிச்சா டியூன் மழுங்கிரும், நல்ல கேங் இப்ப லேசுல கிடைக்காது. நான் அரிசி டின்னுக்குள்ள துணி சுத்தி வைக்கிறேன். லூப் அங்கயே நிக்கட்டும், அதுக்கு ஒண்ணும் ஆகாது.