டாக் மாற்றப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான செய்முறை

நல்ல ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. சிடி பிளேயருக்கு வயதாகிவிட்டது, பாட்டெல்லாம் லேப்டாப்புக்கு மாறிவிட்டது. புது டாக் (DAC: டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி) வாங்கத் தோன்றும் கட்டம் இது. தாராளமாக வாங்கலாம். ஆனால் குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் போலக் கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் வீடு என்றால், கடைக்குப் போகும் முன் பழைய இணைப்புகளைக் கவனியுங்கள். டாக்கின் குறை என்று பலரும் நினைப்பதில் பாதி அங்கேதான் இருக்கும்.

ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க ஆர்சிஏ வயர்களை (ஒலியைக் கொண்டுவரும், வட்ட முனை கொண்ட வயர்கள்) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்று பட்ட பிளக்கின் வெளிவளையத்தில் கறுப்பாகவோ பச்சையாகவோ படலம் படிந்திருக்கும். பிளக்கை லேசாகத் திருகினால் ஒரு பக்க ஸ்பீக்கர் போய்ப் போய் வந்தால் காரணம் இதுதான். 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு பிளக்கையும் ஜாக்கையும் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம். முலாம் உரிந்துவிட்டால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்தது எர்த். எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று முனை பாயின்ட்டில் மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றால் எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் வயரே இருக்காது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

இனி டாக். சிடி பிளேயரில் கோஆக்சியல் அவுட் (டிஜிட்டல் சிக்னல் வெளிவரும் ஜாக்) இருந்து, வட்டும் ஒழுங்காகப் படித்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். 75 ஓம் வயர் ஒன்றில் புது டாக்குடன் இணைத்தால் அதுவே டிரான்ஸ்போர்ட், அதாவது வட்டைப் படித்து டிஜிட்டலாக டாக்குக்கு அனுப்பும் கருவி. டிவியிலிருந்து ஆப்டிகல் வயர் எடுங்கள். அதில் மின்சாரத் தொடர்பே கிடையாது என்பதால் கேபிள் டிவி வயர் வழியாக வரும் ‘ஹம்’ என்ற இரைச்சல் அதோடு நின்றுவிடும். டிவியின் ஆடியோ அவுட்டை பிசிஎம் (சுருக்காத சாதா டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் ஸ்டீரியோ டாக் மௌனமாக இருக்கும், அல்லது கரகரக்கும்.

லேப்டாப்புக்கு யூஎஸ்பி. வயர் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். சார்ஜர் போட்டதும் ‘ஹம்’ வந்து, பிடுங்கியதும் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி வரும் இரைச்சல். இதற்காக ஆம்பின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. யூஎஸ்பி வயரின் நடுவே மின்தொடர்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசோலேட்டர் போட்டால் போதும். ஆனால் மலிவான ஐசோலேட்டர்கள் பல 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். 480 மெகாபிட் கேட்கும் டாக் அதில் கண்டுகொள்ளப்படாமலே போகும். ‘ஹை ஸ்பீட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பிளேயர் செட்டிங்கும் முக்கியம். சிடியிலிருந்து எடுத்த பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அதைப் போட்டதும் டாக்கின் முகப்பில் 44.1 தெரிய வேண்டும். எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால் நடுவில் கணினி மாற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் பிளேயருக்குள் போய் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (WASAPI Exclusive: பாட்டை மாற்றாமல் நேரே டாக்குக்கு அனுப்பும் முறை) தேர்ந்தெடுங்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியை வைத்து ஸ்ட்ரீமர் (நெட்வொர்க் வழியாகப் பாட்டு எடுத்துத் தரும் கருவி) அமைப்பவர்கள் 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரே போடுங்கள். மின்வெட்டில் அதன் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அமைத்து முடித்ததும் கார்டை ஒரு நகல் எடுத்து வையுங்கள். இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர்வேவில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரமிடும்.

டாக்கில் வால்யூம் இருந்து, நேரே பவர் ஆம்பில் (வால்யூம் திருகு இல்லாத ஆம்ப்) கொடுப்பதாக இருந்தால் மிகக் கவனம். ‘ஃபிக்ஸட்’ நிலையில் இருந்தால் முழு 2 வோல்ட்டும் பாய்ந்து ஸ்பீக்கரின் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறு பகுதி) கருகிவிடலாம். ‘வேரியபிள்’ போட்டு, வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகே ஆம்பை ஆன் செய்யுங்கள். போடும்போது டாக் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

இப்போது ஒப்பிட்டுக் கேட்பது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். பழைய பிளேயர் 2 வோல்ட், புது டாக் 2.5 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 2 டெசிபல் வித்தியாசம். சத்தம் கூடிவிட்டது என்று காதுக்குத் தோன்றாது. ‘துல்லியம் கூடியிருக்கிறது, பேஸ் இறுகியிருக்கிறது’ என்றுதான் தோன்றும். அளவைச் சமப்படுத்தாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும், கடைக்காரர் சொன்னாலும், நம்பாதீர்கள்.

வழி எளிது. சிடி பிளேயரின் அனலாக் அவுட்டை ஆம்பின் சிடி இன்புட்டில் கொடுங்கள். அதே பிளேயரின் கோஆக்சியலை டாக்குக்கும், டாக்கை ஆக்ஸ் இன்புட்டுக்கும் கொடுங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் பதிந்த சிடி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டில் மீட்டரை வையுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. சிடி இன்புட்டில் 1.00 வோல்ட் வரும்படி ஆம்பின் வால்யூமை வைத்துவிட்டு, ஆக்ஸுக்கு மாற்றி, டாக்கின் வால்யூமைக் குறைத்து அதே 1.00-க்குக் கொண்டுவாருங்கள். 0.01 வோல்ட் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை, அது 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பிறகு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டு, எது எது என்று பார்க்காமல் இன்னொருவரை இன்புட் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா? டாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கோ அறையின் எதிரொலியைக் குறைக்கும் திரைச்சீலைக்கோ போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் நாட்களில் மெயின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு வரும் லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். மின்னலின் அதிர்ச்சி அந்த வழியாகவும் உள்ளே வரும்.