வெளிச்சுவருக்குப் பிரைமர் அடிப்பதற்கு முன்னும் அடிக்கும்போதும்

வெளிச்சுவரின் நிறம் அடுத்த மழைக்காலத்துக்குள் திட்டுத்திட்டாக வெளுத்தாலோ பொருக்கு விட்டாலோ, மேலே அடித்த பெயிண்டின் மீதுதான் பழி விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அதற்கான காரணம் ஓர் அடுக்கு கீழே, பிரைமர் ஏறிய நாளில் சுவர் இருந்த நிலையில் இருக்கிறது. சிமெண்ட் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கி மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துவதும், சுவர் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் பெயிண்டை உறிஞ்சாதபடி சமன் செய்வதும், சிமெண்டின் காரம் பெயிண்டைத் தாக்காமல் தடுப்பதும் பிரைமரின் வேலை. ஈரத்தின் மேலும் தூசியின் மேலும் அடித்தால் இவற்றில் ஒன்றையும் அது செய்யாது.

புதிய சுவராக இருந்தால், பூச்சு வேலை முடிந்து தண்ணீர் விட்டு ஆற்றிய நாட்களையும் சேர்த்துக் குறைந்தது 28 நாட்கள் பொறுக்க வேண்டும். இது வெயில் காலத்துக்குப் பொருந்தும் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசிய சுவருக்கு நாட்களை எண்ணிப் பயனில்லை. சுவரையே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரங்களிலும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தாலோ, மூடியிருந்த பகுதி மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை. கீழ்ப்பகுதியிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும், கைப்பிடிச்சுவரிலும் தனித்தனியாக இதைச் செய்வது நல்லது, ஏனென்றால் ஒரே வீட்டுச் சுவர்கள் ஒரே வேகத்தில் காய்வதில்லை.

காரத்தைப் பொறுத்தவரை, புதுப்பூச்சில் அது பிஎச் என்ற அமில, கார அளவுகோலில் 12-க்கு மேல் இருக்கும். சுவரின் ஒரு மூலையை நனைத்துச் சிறிது மஞ்சள்தூளைத் தொட்டுத் தேய்த்தால், ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதைப் போலவே அங்கும் சிவக்கும். இந்தக் காரம் ஈரத்தோடு வெளியே வரும்போது சில நிறமிகள் வெளுத்துவிடுகின்றன. எண்ணெய் சார்ந்த பெயிண்டாக இருந்தால் அதன் பிசினே சோப்பாக மாறிக் குழைகிறது. ஆகவே கடையில் கேட்டு வாங்கும்போது, காரம் தாங்கக்கூடிய, தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர் பிரைமர் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். உட்சுவருக்கு வாங்கி மீந்த பிரைமரை வெளியே அடித்துத் தீர்ப்பது சிக்கனம் ஆகாது. பிரைமருக்குப் பதிலாக வெள்ளை சிமெண்ட் அடித்தால் போதும் என்று சில பெயிண்டர்கள் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. அதுவும் சிமெண்ட்தான் என்பதால் அதற்கும் காரம் உண்டு. அடித்தபின் தண்ணீர் தெளித்து ஆற்றாவிட்டால் மாவாக உதிரும். அந்த மாவின் மேல் ஏறும் பெயிண்டும் அதோடு சேர்ந்து உதிரும்.

பழைய சுவரில் வேலை அதிகம். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து எடுத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டினால், கம்பி பிரஷ்ஷாலும் பட்டித் தகட்டாலும் உறுதியான பரப்பு வரும்வரை சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைக் கழுவிக் காயவிட வேண்டும். பல ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தச் சுரண்டலைத் தவிர்க்க வழியே இல்லை. பாசி படர்ந்த இடங்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் தேய்த்துக் கழுவலாம். உப்பு பூத்த இடத்தை மட்டும் கழுவக் கூடாது: தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரி செய்ய வேண்டும். குழாய்க் கசிவையோ தரையிலிருந்து ஏறும் ஓதத்தையோ பிரைமர் நிறுத்தாது. விரிசல்களை வாய் அகலமாகக் கீறிவிட்டு, வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லரால் அடைத்துக் காயவிடுங்கள். சுவரை மழமழப்பாக்கப் பட்டி பார்ப்பதாக இருந்தால் வெள்ளை சிமெண்ட் கலந்த பட்டியாக இருக்கட்டும். அது காய்ந்த பிறகுதான் பிரைமர்.

அளவுக் கணக்கு எளிது. 30 அடிக்கு 40 அடி உள்ள தரைத்தள வீட்டின் சுற்றளவு 140 அடி. சுவர் 11 அடி உயரமானால் 1,540 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்துவிட்டு, டப்பாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறதோ அதால் வகுத்தால் ஒரு கோட்டுக்கான அளவு கிடைக்கும். சொரசொரப்பான பூச்சு இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

தண்ணீரும் டப்பாவில் குறித்துள்ள அளவுதான். அதற்கு மேல் கலந்தால் சுவர் அன்று வெள்ளையாகத் தெரியும், ஆனால் பிடிக்க வேண்டிய பிசின் போதாது. முதல் டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறந்து கலக்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரைக் கலக்காமல் நல்ல தண்ணீரையே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் உப்பை நாமே சுவரில் ஏற்றியதாகும். அடிமண்டி கலையும்வரை நன்றாகக் கலக்கி, துணியில் வடிகட்டி, மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் பிரஷ்ஷால் முடித்துக்கொண்டு, கைப்பிடிச்சுவரிலிருந்து கீழ்நோக்கி ரோலர் ஓட்டலாம். வெயில் நேராக விழும் சுவரில் அடித்தால் பிரைமர் உள்ளே இறங்கும் முன்பே தண்ணீர் வற்றிவிடும். அதனால் மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் நனைந்த சுவர் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுவரைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தாமல், ஒரு மூலை வரையாவது முடித்துவிட வேண்டும்.

மறுநாள், காய்ந்த பிரைமர் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் வெள்ளைப் பொடியோ ஏடோ வந்தால் அந்த இடத்தைச் சுரண்டி மீண்டும் அடிக்க வேண்டும். திட்டுத்திட்டாக உறிஞ்சியிருந்தால் இரண்டாவது கோட் தேவை. டேப் சுத்தமாக வந்தால் பெயிண்டைத் தள்ளிப்போடாமல் அந்த வாரத்திலேயே தொடங்கலாம், ஏனென்றால் வெயிலையும் மழையையும் வெறும் பிரைமர் நெடுநாள் தாங்காது.