பாப் ஸ்மியர் முடிவு சரியில்லையா? கால்போஸ்கோபிக்குப் போகும் முன்

பாப் ஸ்மியர் என்றால் என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. அதைச் செய்துகொண்டு, முடிவில் 'எச்.எஸ்.ஐ.எல்' என்று கண்டு தூக்கம் கெட்டவர்களுக்கானது இது. எனக்கும் அதுதான் வந்தது. கருப்பை வாய் செல்களில் கூடுதல் மாற்றம் தெரிகிறது என்று பொருள். புற்றுநோய் என்று பொருளல்ல. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. அடுத்துச் செய்ய வேண்டியது கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் சோதனை.

முதலில், மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள். கர்ப்பமோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்த படியில்தான் நான் சறுக்கினேன். வெள்ளைப்படுதலுக்காக உள்ளே வைக்கும் மாத்திரையை முந்தின இரவும் தவறாமல் வைத்துக்கொண்டேன். விடிகாலையில் குழித்துறையில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் டோக்கன் வாங்கி, மதியம்வரை காத்திருந்து உள்ளே போனால், மாத்திரை கரைந்து கருப்பை வாயை மூடியிருக்கிறதாம். "பேடிக்கண்டா" என்று நர்ஸ் வேறு தேதி எழுதித் தந்தார். எனக்குப் பயமில்லை; ஒரு நாள் சம்பளம் போனதே என்றிருந்தது. ஆகவே முந்தைய இரண்டு நாளும் உள்ளே மாத்திரை, க்ரீம், கழுவுதல், தாம்பத்திய உறவு எதுவும் வேண்டாம்.

உடைக்குச் சுடிதாரைவிடப் புடவையே மேல். உயர்த்திக்கொண்டால் போதும், புடவையைக் கழற்ற வேண்டியதில்லை. பழைய ரிப்போர்ட்டின் அசல் கையில் இருக்கட்டும். செல்பேசிப் படத்தை நம்பாதீர்கள்.

உள்ளே பெரும்பாலும் கால் மணி நேர வேலைதான். வினிகரில் உள்ள அதே அமிலத்தை, 3 முதல் 5 சதவீதக் கரைசலாகத் தடவுவார்கள். மாறிய இடம் வெளுக்கும். சற்றே எரியும். பிறகு அயோடின்: நல்ல இடம் கரும்பழுப்பாகும், சந்தேகமான இடம் மஞ்சளாகவே நிற்கும். அங்கிருந்து ஒரு துணுக்கு எடுப்பதுதான் பயாப்ஸி. எனக்கு மாதவிலக்கு வலிபோலச் சுண்டி இழுத்தது, அவ்வளவே. துணுக்கைக் கெடாமல் காக்கும் பார்மலின் திரவக் குப்பியை நம்மிடமே கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், பெயரும் எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள்.

பயாப்ஸி முடிவில் செல் மாற்றத்தின் அளவை 'சி.ஐ.என்' 1, 2, 3 என்று குறிப்பார்கள். 'சி.ஐ.என் 1' என்றால் பெரும்பாலும் தானே மறையும், கண்காணித்தால் போதும். 2, 3 என்றால் வழக்கமாகச் சிகிச்சை உண்டு. எனக்கு 2 வந்தது. மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை அகற்றினார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனைக்குப் போனேன். அதைத் தவறவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: பாறசாலையில் இருந்து ஒருவர், பயாப்ஸிக்குப் பிறகு காப்பித்தூள்போல ஏதோ வருகிறதே என்று பதறி எழுதினார். ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்து அப்படித்தான் வெளியேறும், சில நாளில் நின்றுவிடும். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.