நெட் போனால் எந்தெந்த வீடு? முகவரிப் பட்டியலை அடியிலிருந்து கட்டுவது எப்படி

"எங்க வீட்ல நெட் வரலைங்க" என்று ஓர் அழைப்பு. அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் பதினைந்து. எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது, சரி. மொத்தம் எந்தெந்த வீடுகளுக்கு இல்லை என்று கேளுங்கள், அறையில் இருப்பவர்கள் எல்லோரும் முழிப்பார்கள். கருவிகள் தங்கள் நிலையை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கருவி எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லவேண்டிய முகவரிப் பட்டியல்தான் காலை வாரிவிடும்.

சிறிய நெட்வொர்க் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல் தாள் ஒன்று, வரைபடம் ஒன்று, கொஞ்சம் பொறுமை.

முதலில் என் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புகார் வந்த வீடு என்று 14, தோட்டத் தெருவுக்கு டெக்னீஷியனை அனுப்பினேன். போய் நின்றுகொண்டு போன் செய்தார்: "சார், இங்க நெட் நல்லாத்தான் ஓடுது. வீட்டுக்காரர் எதுக்கு வந்தீங்கன்னு கேக்குறார்." அந்தத் தெருவுக்கு எப்போதோ புது எண் போட்டிருந்தார்கள். எங்கள் பட்டியலில் பாதி வீடுகள் பழைய எண்ணிலும் மீதி புது எண்ணிலும் கிடந்தன. நான் தேடிய 14 இப்போது 31, தெருவின் மறுகோடியில்.

படி 1: முகவரியை அடையாளமாக வைக்காதீர்கள்

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். முகவரி மாறும். தெருப் பெயர் மாறும், எண் மாறும், ஒரு மனை இரண்டாகும், இரண்டு வீட்டை இடித்து ஒரே கட்டடமாக எழுப்புவார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டடத்துக்கும் அர்த்தமே இல்லாத ஓர் எண் கொடுங்கள்: 100482 என்பதுபோல. பகுதிக் குறியீட்டையோ தெருவின் முதல் எழுத்தையோ அதற்குள் நுழைக்க ஆசை வரும், நுழைக்காதீர்கள். பகுதி எல்லை மாறிய அன்று அந்த எண் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

பிரிட்டனில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் யூபிஆர்என் என்று இப்படி ஓர் எண் உண்டு, அதிகபட்சம் 12 இலக்கம். முகவரி எப்படி மாறினாலும் எண் மாறாது. நாம் செய்யப்போவது அதன் குட்டிப் பதிப்பு.

கட்டடம் இடிந்தால் வரியை அழிக்காதீர்கள். 'நிலை' என்று ஒரு நெடுவரிசை வைத்து 'இடிக்கப்பட்டது' என்று தேதியோடு எழுதுங்கள். அந்த எண்ணை வேறு கட்டடத்துக்குத் திரும்பக் கொடுக்கவும் வேண்டாம்.

படி 2: நெடுவரிசைகளைப் பிரியுங்கள், எண்ணை எழுத்தாக வையுங்கள்

கட்டட எண், வீட்டு இலக்கம், பழைய இலக்கம், தெரு, பகுதி, அஞ்சல் குறியீடு, நிலை, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இத்தனையும் தனித்தனி நெடுவரிசை. அடுக்குமாடி என்றால் கட்டடத்துக்கு ஒரு வரிதான். உள்ளே இருக்கும் வீடுகளுக்கு வேறு தாள், அதில் ஒவ்வொரு வரியிலும் கட்டட எண்.

தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் வீட்டு இலக்க நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இதை மறந்தால் என்ன ஆகும்? 5/3 என்று அடித்து என்டர் தட்டுங்கள். எக்செல் அதை மார்ச் 5 ஆக்கும், அல்லது உங்கள் கணினியின் அமைப்பைப் பொறுத்து மே 3 ஆக்கும். பதறிப்போய் அதன்பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினால் ஏதோ ஓர் ஐந்து இலக்க எண் வந்து நிற்கும். எக்செல் தேதியை உள்ளே அப்படித்தான் வைத்திருக்கிறது. நீங்கள் அடித்த 5/3 போனது போனதுதான். 007 என்பது 7 ஆவதும் இதே வியாதி.

படி 3: ஒரே தெரு, ஐந்து எழுத்துக்கூட்டு

தெரு நெடுவரிசையில் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். தோட்டத் தெரு, தோட்டத்தெரு, தோட்ட தெரு, தோட்ட வீதி என்று வரிசையாக வரும். எல்லாம் ஒரே இடம். தெருக்களுக்கென்று தனித்தாள் போட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் எண் கொடுத்து, சரியான பெயர் ஒன்றையும் மற்ற வழக்குகளை அதனருகிலும் எழுதுங்கள். மற்ற வழக்குகளைத் தூக்கி எறியாதீர்கள். போன் செய்பவர் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

தமிழில் பட்டியல் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி உண்டு. சில நேரம் ஃபில்டரில் 'தோட்டத் தெரு' இரண்டு முறை வரும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. காரணம், 'தோ' என்பதை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்துவிடும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மொத்தப் பட்டியலையும் மாற்றினால் இது தீர்ந்துவிடும். பைத்தான் தெரிந்த நண்பரிடம் கேட்டால் இரண்டு வரியில் முடித்துத் தருவார். ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தைப் போட்டு ஒப்பேற்றியிருந்தால் மட்டும் என்எஃப்சி உதவாது, கண்ணால் தேடித் திருத்த வேண்டும்.

ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் பெயர்களைத் தானாகவே சேர்த்துவிடும் கருவிகள் நிறைய உண்டு. எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வது அவற்றின் வழி. '3ஆம் குறுக்குத் தெரு', '8ஆம் குறுக்குத் தெரு' இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். கருவி பரிந்துரைக்கட்டும், சேர்ப்பது உங்கள் கையாக இருக்கட்டும்.

படி 4: வரைபடத்தில் புள்ளி

ஒவ்வொரு கட்டடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. தசமத்துக்குப் பின் 5 இலக்கம் போதும், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். புள்ளியைக் கூரையின் நடுவில் வைக்காமல் வாசலில் வையுங்கள், டெக்னீஷியன் கூரை வழியாக இறங்கப்போவதில்லை.

முகவரியைக் கொடுத்தால் புள்ளியைத் தரும் சேவைகள் பல நேரம் ஊகிக்கின்றன. தெருவின் ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்று மட்டும் தெரிந்தால், 50 நட்டநடுவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் புள்ளி வைத்துவிடும். அதனால் 'புள்ளி எப்படிக் கிடைத்தது' என்று ஒரு நெடுவரிசை கட்டாயம்: நேரில், படத்தில் பார்த்து, ஊகம்.

எல்லாப் புள்ளிகளையும் க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டுப் பாருங்கள். சில வீடுகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் மிதந்தால் பயப்பட வேண்டாம், அவை காலியாக விடப்பட்டு 0, 0 ஆனவை. மொத்தமாக வேறு கண்டத்துக்குப் போயிருந்தால் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், நாம் வாயால் சொல்வதோ அட்சரேகையை முதலில்.

படி 5: வீட்டையும் கம்பியையும் கோர்க்கும் தாள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். நெட் போன இடத்தைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் வீடுகளை எடுத்தால் போதும் என்று நினைப்போம். போதாது. முனை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து கேபிள் வந்திருக்கும். எதிரெதிர் வீடுகள் வேறு வேறு ஸ்ப்ளிட்டரில் இருக்கும்.

ஃபைபர் நெட்வொர்க்கில் நம் பக்கத்துக் கருவியின் ஒரு போர்ட்டிலிருந்து (கேபிள் செருகும் வாய்) கிளம்பும் ஒளியை ஸ்ப்ளிட்டர் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறது. ஆகவே தாளில் நான்கே நெடுவரிசை: இணைப்பு எண், கட்டட எண், ஸ்ப்ளிட்டர், போர்ட். முகவரி இங்கே வரவே கூடாது. ஸ்ப்ளிட்டர் பெயரைக் கொடுத்து ஃபில்டர் போட்டால் கட்டட எண்கள் வந்துவிடும், அவற்றிலிருந்து முகவரிகள்.

படி 6: நெட் போன அன்று

முதலில், மின்தடையா ஃபைபர் வெட்டா என்று பிரியுங்கள். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் கரண்ட் போகும் கணத்தில், மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். டையிங் காஸ்ப் என்பார்கள், அதாவது கடைசி மூச்சு. கடைசி மூச்சுகள் கொத்தாக வந்திருந்தால் தெருவில் கரண்ட் இல்லை. ஒன்றுமே வராமல் எல்லாம் ஒரே நேரத்தில் மௌனமானால் நடுவில் ஏதோ அறுந்திருக்கிறது, வீட்டுக் கருவிகளில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக இருக்கும்.

வெட்டுப்பட்ட தூரத்தை, ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி அளக்கும் ஓடிடிஆர் கருவி சொல்லும். ஆனால் அது கேபிளின் நீளம், சாலையின் நீளம் அல்ல. வழியில் சுருட்டி வைத்திருக்கும் உபரிக் கேபிளும் அதில் சேர்த்தி.

இன்னொன்று: பட்டியலின் நகல் ஒன்று உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து படுத்துவிட்டன. நம் பட்டியல் கிளவுடில் மட்டும் இருந்தால் நம் கதையும் அதுதான்.

படி 7: மறுநாள் காலை ஒரு மணி நேரம்

நெட் வந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்காதீர்கள், இவ்வளவு நல்ல சோதனை காசு கொடுத்தாலும் கிடைக்காது. பாதிக்கப்பட்டவை என்று பட்டியல் சொன்ன வீடுகளையும், புகார் சொன்ன வீடுகளையும் அருகருகே வையுங்கள். புகார் சொன்னார், பட்டியலில் இல்லை என்றால் அவர் இணைப்பு வேறு ஸ்ப்ளிட்டருக்கு மாறியும் தாளில் ஏறவில்லை, அல்லது முகவரி தவறு. பட்டியலில் இருக்கிறார், ஆனால் நெட் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அங்கும் அதே சந்தேகம். புகார் வராத வீட்டை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அவர்கள் ஊரில் இல்லாமலும் இருக்கலாம்.

முரண்பட்ட ஒவ்வொரு வரியையும் சிவப்பாக்கி, டெக்னீஷியன் அடுத்து அந்தப் பக்கம் போகும்போது வாசலில் எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். படம் வந்ததும் திருத்தி, சரிபார்த்த தேதியைப் போட்டு, சிவப்பை எடுத்துவிடுங்கள்.